நனையாத ஸ்பாஞ்சு

மாண்டிசோரி வகுப்பின் தாழ்வான அலமாரியில், ஒரே தட்டில் மூன்று பேர் குடியிருந்தார்கள். இரண்டு பீங்கான் ஜக்குகள், ஒரு மஞ்சள் ஸ்பாஞ்சு. ஒரு ஜக்கிலிருந்து இன்னொன்றில் தண்ணீர் ஊற்ற வேண்டும், சிந்தினால் ஸ்பாஞ்சால் துடைக்க வேண்டும். பிள்ளைகளுக்கு அதுதான் வேலை.

திங்கட்கிழமை மூன்றரை வயது ரெஹானா தட்டைத் தூக்கிவந்து ஊற்றினாள். பாதித் தண்ணீர் தட்டில் கொட்டியது. ஸ்பாஞ்சு வயிறு முட்டக் குடித்தது.

"நான் இல்லேன்னா இந்தப் பொண்ணு என்ன பண்ணும்?" என்றது பெருமையாக.

புதன்கிழமை நாலே சொட்டுதான் சிந்தியது.

"அவ கத்துக்கிறா. உனக்கு ஏன் மூஞ்சி தொங்குது?" என்றது பெரிய ஜக்கு.

"சிந்தவே இல்லேன்னா என்னை எதுக்கு வச்சிருப்பாங்க?"



வெள்ளிக்கிழமை ரெஹானா நாக்கைக் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் பிடித்து ஊற்றினாள். கடைசிச் சொட்டு மட்டும் ஜக்கின் மூக்கில் தொங்கியது. ஸ்பாஞ்சு காலையிலிருந்து காத்திருந்த சொட்டு அது.

"விழுந்துடாதே," என்றது ஸ்பாஞ்சு, தன்னையறியாமல்.

ரெஹானா ஜக்கின் மூக்கை மற்ற ஜக்கின் விளிம்பில் மெல்லத் தட்டினாள். சொட்டு உள்ளே போனது. தட்டில் ஒரு பொட்டு ஈரம் இல்லை.

பிறகு அவள் ஸ்பாஞ்சைக் கையில் எடுத்து, அந்தக் காய்ந்த தட்டை மூலை விடாமல் துடைத்தாள்.