நிமிர்ந்த எழுத்து

மரச்செதுக்கர் தோமேசோவின் பட்டறையில் காலை வெயில் சீவல்களின்மேல் கிடக்கிறது. போன மாதம் புருஷனைப் பறிகொடுத்த ஃபுசா, மரப்பலகையில் செதுக்கி எடுத்த, மை காயாத அச்சுத்தாளை இரண்டு கையாலும் ஏந்திப் பார்க்கிறாள். நோய்ப்படுக்கையில் கிடந்தபடி அவர் வரைந்த தவளை. பக்கத்தில் அவரே எழுதிய நாலு வரி. அவர் இறந்த நாற்பத்தொன்பதாம் நாள் சடங்கன்று உறவுக்காரர்களுக்குக் கொடுக்க வேண்டும். "தொந்தியைப் பாருங்க ஆசாரி, அப்படியே எங்க வீட்டுக்காரர்," என்று சிரிக்கிறாள். கண் எழுத்துக்கு நகர்ந்ததும் சிரிப்பு நின்றுவிடுகிறது. "எழுத்து ரொம்ப அழகா இருக்கு. யார் எழுதினது?" தோமேசோ துடைத்த உளியையே மறுபடி துடைக்கிறான். "அவர்தாம்மா. கை நடுங்கி, கோடெல்லாம் இழுத்துக்கிட்டுக் கிடந்துச்சு. நாலு பேர் இளக்காரமா நெனைக்கக் கூடாதேன்னு செதுக்கும்போது நான் கொஞ்சம் நிமிர்த்திட்டேன்." மெச்சுவாள் என்றல்லவா நேற்றுவரை நினைத்திருந்தான். "எழுதினப்போ அவர் மணிக்கட்டை நான்தான் பிடிச்சுக்கிட்டிருந்தேன்," என்கிறாள் ஃபுசா, குரலை உயர்த்தாமல். "போகட்டும். அவர் எழுதின தாளை மட்டும் குடுத்துடுங்க." அந்தத் தாளைப் பலகையில் கவிழ்த்து ஒட்டி, அதன் மேலேயே செதுக்கித்தான் இந்த அச்சு வந்தது; தாள் சீவலோடு போய்விட்டது, அவளுக்கு அது தெரியாது. அவள் நீட்டிய கை அப்படியே நிற்கிறது. தரையில் உட்கார்ந்திருக்கும் அவன் முழங்காலருகே ஒரு சீவல் சுருளில், அவன் நீக்கிய கோணல் கோடு ஒன்று கறுப்பாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. முழங்காலை மெல்ல நகர்த்தி அதை மறைக்கிறான்.