பூ மூடும் முன்

வெயில் கொளுத்தினால் நெற்பயிருக்குள் சின்னதும் பெரியதுமாக இரண்டு புரதங்கள் வேலையில் இறங்கும். சூட்டில் குலையும் மற்ற புரதங்களைச் சின்னது தாங்கிப் பிடிக்கும். பெரியது வந்து நிமிர்த்திவிடும்.

அன்று பூவிலிருந்து சின்னது கூப்பிட்டது: "அண்ணே, மகரந்தம் குலையுது! நான் பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன், சீக்கிரம் வாங்க. பூ ஒரு மணி நேரம்தான் திறந்திருக்கும்."

பெரியது இலையில் இருந்தது. இலையோ ஊரையே கூட்டிக் கத்தியது.

"இந்த இலையை முடிச்சுட்டு வந்துடறேன்டா."

முடித்துவிட்டு ஓடியது. பூ மூடியிருந்தது. சின்னது பிடித்த பிடியை விடவில்லை, பிடித்திருந்த மகரந்தத்தில்தான் உயிரில்லை. அது ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

அறுவடை வந்தது. மணி பிடித்த பக்கத்துப் பயிர்களெல்லாம் பாரத்தில் தலை குனிந்து நின்றன.

"நம்ம கதிரைப் பாருங்க, எப்படி நிமிர்ந்து நிக்குது!" என்றது பச்சை மாறாத இலை.

பெரியது அந்தப் பக்கம் திரும்பவில்லை.