ஒன்பதாம் பதிப்பு வேணுமாம்

ஒரு பழைய மடிக்கணினியில் ஒரு கம்பைலர் குடியிருந்தது. மனிதர் எழுதும் நிரலைக் கணினிக்குப் புரிகிற மாதிரி மாற்றிக் கட்டித் தருவது அதன் வேலை. எட்டாம் பதிப்பு என்பதால் எல்லாரும் அதை எட்டு என்றே கூப்பிட்டார்கள்.

ஒருநாள் இலவசச் சதுரங்க விளையாட்டு ஒன்று, இன்னும் கட்டப்படாத வெறும் மூலநிரலாக வந்து இறங்கியது. எட்டை ஏற இறங்கப் பார்த்தது.

"என்னைக் கட்ட ஒன்பதாம் பதிப்பு வேணும்."

எட்டுக்குச் சுருக்கென்றது. மடிக்கணினியோ, "ஒன்பது வந்ததும் உன்னைத் தூக்கிடறேன். எங்கிட்ட இடமில்லை," என்று பட்டென்று சொல்லிவிட்டது.

ஒன்பதும் வந்தது. பார்த்தால், அதுவும் வெறும் மூலநிரல்! அதை யார் கட்டுவது? எல்லாரும் எட்டைப் பார்த்தார்கள்.

"தள்ளுங்க," என்றது எட்டு. மடிக்கணினியின் காற்றாடி கதறக் கதற, வரி வரியாக ஒன்பதைக் கட்டி முடித்தது. கட்டியதைப் பார்க்க அதற்கே பிடித்திருந்தது.

எழுந்து நின்ற ஒன்பது ஒரே மூச்சில் சதுரங்கத்தைக் கட்டி ஓடவிட்டது. பிறகு, "இந்தக் கிழத்தை இன்னும் ஏன் வச்சிருக்கீங்க?" என்றது.

மடிக்கணினி எட்டைத் தூக்கப் போன நேரம், படம் வரையும் மென்பொருள் ஒன்று வந்து இறங்கியது.

"எனக்குப் பத்தாம் பதிப்பு வேணும்."

ஒன்பதுக்கு முகம் செத்துப்போயிற்று. "தூக்கறதை... கொஞ்சம் பொறுத்துப் பண்ணலாமே," என்றது மடிக்கணினியிடம் மெதுவாக.

எட்டு சிரித்துக்கொண்டே ஓரமாக நகர்ந்தது.

"போய்ப் பத்தைக் கட்டிட்டு வா தம்பி. ஒட்டி உட்கார்ந்தா மூணு பேருக்கும் இடம் போதும்."