கிறீச்சிடாத கம்பி

“இதையும் கழட்டிப்போடுங்கண்ணா. ஆகாது.”

ஜூட்டுக்குச் சுருக்கென்றது. சேலத்தில் கிட்டார் வைத்திருப்பவர்களில் பாதிப் பேர் கம்பி மாற்ற அவன் கடைக்குத்தான் வருவார்கள். மாதா கோவில் பாடல் குழுவில் பதினைந்து வருடமாக வாசிக்கிறவன் வேறு. அவன் பூட்டிய கம்பியை இதுவரை யாரும் ஆகாது என்று சொன்னதில்லை. மலர்விழி என்ற இந்தப் பெண் ஒரே காலையில் இரண்டு முறை சொல்லிவிட்டாள்.

“வெண்கலக் கம்பி மேடம். மணி மாதிரி கேக்குது. இதுல என்ன குறை?”

“மணி மாதிரி கேக்கறதுதாங்க குறை. இதையும் பாருங்க.” விரலைக் கம்பியின் மேல் இழுத்தாள். கிறீச்சென்றது. “இது வரவே கூடாது.”

“விரல் உரசுற சத்தம் மேடம். எல்லாக் கிட்டார்லயும் வரும். கூட்டத்துல அதையெல்லாம் யாரு கவனிக்கிறா?”

“எங்க பக்கம் அப்படி இல்லீங்க. போன வாரம் ஒரே ஒரு கிறீச்சுதான். அவ்வளவு பெரிய கூட்டமும் கூச்சல் போட்டு, அன்னைக்குப் பூராவும் சாப்பாடே எறங்கல. எங்க மாமனார் கண்டிப்பாச் சொல்லிட்டாருங்க. ‘வாசி சாமி, வேண்டாங்கல. இன்னொருக்கா இப்படி ஆச்சுன்னா கிட்டாரைக் கொண்டுபோயி உங்கம்மா ஊட்டுல வெச்சுப்போட்டு வந்துரு’ன்னு.”

அழுகிற முகம் இல்லை அது. கல்லூரி மேடைகளில் பேர் வாங்கியவளாம். நாமக்கல் பக்கம் கல்யாணமாகிப் போனபின் மூன்று வருடம் கிட்டார் பீரோ மேலேயே கிடந்ததாம். மறுபடி அதை அங்கே ஏற்றுவதில்லை என்று முடிவு செய்துவிட்டுத்தான், காலையில் பஸ்ஸில் நின்றுகொண்டே சேலம் வந்திருக்கிறாள்.

“கூட்டம் எவ்வளவு இருக்கும்?”

“பன்னெண்டாயிரம் இருக்குதுங்க.”

ஜூட்டின் கையிலிருந்த கம்பி சுருண்டு தரையில் விழுந்தது. கிறிஸ்துமஸ் பூசைக்குக்கூட அவன் நானூறு பேரைத் தாண்டியதில்லை.

“எந்த மேடை மேடம்?”

“மேடையெல்லாம் இல்லீங்க. காலையில ஆறரைக்கு வாசிக்கோணும். நாளைக்கு நீங்களே வந்து பாருங்களேன்.”

விடியற்காலை, சின்னச் சத்தத்துக்கும் கலையக்கூடிய கூட்டம். ஏதோ பெரிய தியான மடம்தான் என்று ஜூட் முடிவு கட்டிக்கொண்டான். உடனே அவனுக்கும் ரோஷம் பிறந்தது. பன்னிரண்டாயிரம் பேர் கேட்கப் போகிற கிட்டார் தன் கையால் அமையட்டும்.

உள் அலமாரியில் இரண்டு வருடமாக விலை போகாத ஒரு பொட்டலம் இருந்தது. மேலே சுற்றிய நிக்கலைத் தட்டையாக இழைத்த கம்பி. சத்தம் மந்தம் என்று யாரும் தொடமாட்டார்கள். அதைப் பூட்டிக் கொடுத்தான். மலர்விழி மேலும் கீழும் விரலை இழுத்தாள். கிறீச் போயே போய்விட்டது.

“கம்பி சரிங்கண்ணா. ஆனா ஒவ்வொரு தட்டும் சொடுக்குப் போட்ட மாதிரி விழுது.”

அவளுடைய கிட்டார் மரப்பெட்டியும் எலெக்ட்ரிக்கும் சேர்ந்த வகை. கம்பியைத் தாங்கும் கட்டைக்கு அடியில் சத்தத்தை வாங்கும் ஒரு பிக்கப், கழுத்தோரம் இன்னொரு பிக்கப். முதலாவது மரப்பெட்டியின் துல்லியத்தைத் தரும், மற்றது எலெக்ட்ரிக் கிட்டாரின் குழைவைத் தரும். எது எவ்வளவு வேண்டும் என்று ஒரு குமிழைத் திருகிக் கலந்துகொள்ளலாம். ஜூட் கழுத்துப் பக்கமாகத் திருப்பினான்.

“இப்ப?”

“இடி மாதிரி இருக்குதுங்க. இடின்னா இன்னும் மோசம்.”

பேஸைக் குறைத்தான். சப்பென்று ஆனது. ட்ரெபிளைத் துளி ஏற்றினான். சொடுக்கு திரும்பி வந்தது. டீ வந்து ஆறிப்போனது. வேறு யாராக இருந்தாலும் இதுவே போதும் என்று எழுந்து போயிருப்பார்கள். அவள் நகர்கிற வழியாக இல்லை. அவனுக்கும் விட மனசில்லை.

“கம்பியைத் தட்டுற அந்தப் பிளாஸ்டிக் வில்லையைக் கீழ வைங்க மேடம். கட்டைவிரல் சதையால வருடுங்க.”

வருடினாள். அவன் குமிழை மயிரிழை நகர்த்தினான். வெதுவெதுப்பான பால் தொண்டையில் இறங்குகிற மாதிரி ஒரு சத்தம் கடையை நிறைத்தது.

“இதுதாங்கண்ணா,” என்றாள் மலர்விழி. அப்போதுதான் அவள் கண் கலங்கியது.

மறுநாள் இருட்டு பிரியும் முன்பே ஜூட் பைக்கை எடுத்துவிட்டான். அவள் சொன்ன இடத்தில், நெடுக ஓடும் ஒரு பெரிய கொட்டகையின் வாசலில் மாமனார் வீரபாகு காத்திருந்தார்.

“சேலத்துத் தம்பிங்களா? வாங்க சாமி. செருப்பைக் கழட்டிப்போட்டு இந்த மருந்துத் தண்ணியில காலை நனைச்சுக்குங்க. சத்தம் மட்டும் போடாதீங்க.”

நல்ல கட்டுப்பாடான மடம் என்று நினைத்துக்கொண்டே ஜூட் காலை நனைத்தான். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டான். உள்ளேயிருந்து கிட்டார் கேட்டது. நேற்று அமைத்த அதே சத்தம், அதே குழைவு. அவனுக்குப் பெருமை தாங்கவில்லை.

வீரபாகு கதவில் காதை வைத்து ஒரு முழுப் பாட்டையும் கேட்டார். பிறகு நிமிர்ந்தார்.

“ஒரு சலசலப்பு இருக்குதுங்களா பாருங்க. இனி அந்தக் கிட்டாரு எங்கூட்டை விட்டு எங்கயும் போகாது,” என்று கிசுகிசுத்தபடி கதவை மெல்லத் திறந்தார்.

உள்ளே மலர்விழி கண்மூடி வாசித்துக்கொண்டிருக்க, கண்ணுக்கெட்டிய தூரம் வரை அடுக்கடுக்கான கூண்டுகளில் பன்னிரண்டாயிரம் வெள்ளைக் கோழிகள் நிம்மதியாக முட்டையிட்டுக்கொண்டிருந்தன.