ஓட்டியவர் பெயர்

"வண்டிய ஓட்டினது என் பொண்ணு."

கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் நின்றவர் இதை என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. படிவத்தைப் பார்த்துச் சொன்னார். நெற்றியில் நான்கு தையல். பின்னால் நாற்காலியில் அவர் மனைவி, மடியிலிருந்த பையை இரண்டு கையாலும் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

விபத்தில் மகள் போய்ப் பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது.

எனக்குப் பாவமாக இருந்தது. ஆனால் கூடவே எரிச்சலும் வந்தது. நான் ஏன் பொய் சொல்ல வேண்டும்? இந்த மனிதர் தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொள்கிறாரே என்ற எரிச்சல்.

எங்களிடம் வாடகைக்குக் கார் எடுத்த அன்று அவருக்கு எக்ஸஸ் வேவரை விற்றதே நான்தான். வாடகை வண்டிக்கு அடிபட்டால் முதல் இரண்டு லட்சம் எடுத்தவர் பொறுப்பு, மீதிதான் இன்சூரன்ஸ். அந்த இரண்டு லட்சத்துக்குத்தான் எக்ஸஸ் என்று பெயர். தினம் ஒரு சின்னத் தொகை சேர்த்துக் கட்டிவிட்டால் அதையும் கட்ட வேண்டாம், அதுதான் வேவர். ஒரு நாளைக்கு முப்பது பேரிடம் இதே பாட்டைப் பாடுகிறேன். பாதிப் பேர் என்னைப் பிக்பாக்கெட்டைப் பார்ப்பதுபோல் பார்ப்பார்கள்.

இவர் மட்டும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடைசி வரிவரை படித்தார். ஒப்பந்தத்தில் பெயர் இல்லாதவர் ஓட்டியிருந்தால் வேவரும் கிடையாது, இன்சூரன்ஸும் கிடையாது என்ற வரியைக் காட்டி, சரிதானே என்று என்னிடமே கேட்டுக்கொண்டார்.

ஒப்பந்தத்தில் ஒரே பெயர்தான். அவருடையது.

மரத்தில் மோதிய வண்டி இனி உதிரிப் பாகத்துக்குத்தான் ஆகும். மகள் ஓட்டினாள் என்று அவர் எழுதிக்கொடுத்தால் அதன் முழு விலையையும் அவரே கட்ட வேண்டும். வீட்டை விற்றால்தான் முடியும்.

விபத்தைப் பார்த்தவர் யாரும் இல்லை. ஆம்புலன்ஸ் வருவதற்குள் அவரே மகளைத் தூக்கிச் சாலையோரம் கிடத்திவிட்டாராம். போலீஸ் அறிக்கை வர இன்னும் நாளாகும். நாங்கள் கேட்பதெல்லாம் இந்த ஒரு படிவம்தான்.

ஒன்பது வருட வேலையில் முதல் தடவையாக ஒரு வாடிக்கையாளருக்குப் பொய் சொல்லிக்கொடுக்கத் துணிந்தேன். குரலைத் தாழ்த்திக்கொண்டேன்.

"சார், நல்லா யோசிச்சுப் பாருங்க. நீங்கதானே ஓட்டினீங்க? அப்படி எழுதினா உங்களுக்கு ஒரு பைசா செலவில்ல."

அவர் நிமிர்ந்தார். முகத்தில் ரத்தமே இல்லை. மெல்லத் திரும்பி மனைவியைப் பார்த்தார். அந்த அம்மாள் பையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவதான் ஓட்டினா," என்றார் மறுபடியும். ஓட்டியவர் பெயர் என்ற கட்டத்தில் மகளின் பெயரை எழுதினார். மூன்று எழுத்துப் பெயர். அதை எழுதி முடிக்க அவருக்கு அவ்வளவு நேரம் பிடித்தது.

நேர்மைக்கும் ஓர் அளவு வேண்டாமா என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே முத்திரை குத்தினேன்.

அடுத்து வண்டியிலிருக்கும் பொருட்கள். வீட்டு ஆள் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்து, பட்டியலில் எழுதி, கையெழுத்து வாங்க வேண்டும். அவர் எழுந்திருக்கவில்லை. மனைவிதான் என்னோடு பின்பக்க யார்டுக்கு வந்தார்.

முன்பக்கம் முழுவதும் உள்ளே போயிருந்தது. அந்த அம்மாள் அழுவார் என்று தண்ணீர் பாட்டிலோடு போயிருந்தேன். அழவில்லை.

மகளின் துப்பட்டா. எழுதினேன். ஹெட்போன். எழுதினேன். பாதி தின்ற பிஸ்கட் பாக்கெட்டை அவர் கேட்டு வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டார். அதையும் எழுதினேன்.

ஓட்டுநர் பக்கம் கதவு திறக்கவில்லை. ஜன்னல் வழியாக உடம்பை நுழைத்து, கீழே கைவிட்டுத் துழாவினேன். வளைந்துபோன பிரேக் பெடலுக்கு அடியில் ஏதோ மாட்டியிருந்தது. ஆட்டி ஆட்டி இழுத்த பிறகு வெளியே வந்தது.

ஒரு ஷூ. பத்தாம் நம்பர் கறுப்புத் தோல் ஷூ, ஆண்கள் போடுவது. கட்டிய லேஸ் கட்டியபடியே இருந்தது.

அதை முதுகுக்குப் பின்னால் மறைக்கலாமா என்று யோசிப்பதற்குள் அந்த அம்மாள் கையை நீட்டிவிட்டார்.

வாங்கிக்கொண்டார். திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. துப்பட்டாவில் சுற்றிப் பையின் அடியில் வைத்து ஜிப்பை இழுத்தார். பிறகுதான் என் கையிலிருந்த பட்டியலைப் பார்த்தார்.

"இத எழுதாதீங்கம்மா. வீடு போனாப் போகுது. இந்த மனுஷனாவது எனக்கு இருக்கட்டும்."