குளிர் ஆகாதவன்

செய்தியில் வந்தது இரண்டே வரி: பனிப்புயல், ஒருவர் பலி. அதற்கு மேல் அறிய மரகதவல்லிக்கு இருந்தது, தன் மகன் இளமாறனோடு மலையேறித் தனியாகத் திரும்பிய பிரதீபனின் வலைப்பூ மட்டும்தான். இளமாறனின் உடலைச் சிகரத்துக்குக் கீழே பனியிலேயே விட்டுவந்ததை அவன் எழுதியபோது சிலர் தேற்றினார்கள், சிலர் ஏசினார்கள். அந்தப் பதிவின் கீழே அவள் எழுதினாள்: “தம்பி, அவனுக்குக் காதுல குளிர் பட்டா ஆகாது. மூடிவிட்டு வந்தீங்களா?”

“மூடிட்டுதான்மா வந்தேன்” என்று பதில் வந்தது.

மறுவாரம் பிரதீபனே வீட்டுக்கு வந்தான். அவனுடைய காதுமடல்கள் இரண்டும் பனியில் கருகியிருந்தன.

“அவன் குல்லாவைக் காத்து அடிச்சுட்டுப் போயிடுச்சும்மா. என்னோடதைத்தான்...” என்றான்.

மரகதவல்லி நோகாமல், இரண்டு உள்ளங்கைகளாலும் அவன் காதுகளைப் பொத்தினாள்.