நாலாள் ஆழத்துக் காற்று

2008, பொங்கல் முடிந்த வியாழக்கிழமை காலை. அந்தமான், ஹேவ்லாக் தீவு. விருத்தாசலம் கொளஞ்சிநாதன் நாலாள் ஆழத்தில், கடலின் அடிமணலில் முழங்காலிட்டு உட்கார்ந்திருந்தார்.

முதுகில் சிலிண்டர். வாயில் குழாய். எதிரே, அவர் தோளைப் பிடித்தபடி பயிற்சியாளர் ஜெயராஜ்.

முதல் தடவை இறங்குகிறவர்கள் மீனைப் பார்க்கத்தான் இறங்குவார்கள். ஜெயராஜ் பாறை இடுக்கைக் காட்டினார். தலைக்கு மேல் போன மஞ்சள் கோடு போட்ட மீன் கூட்டத்தைக் காட்டினார்.

கொளஞ்சிநாதன் எதையும் பார்க்கவில்லை. மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்.

இழுத்தார். வழக்கமாக முட்டி நின்றுவிடும் இடத்தைத் தாண்டி அது உள்ளே போயிற்று. விட்டார். நம்பாமல் மறுபடி இழுத்தார்.

அவருக்கு நாற்பத்தொரு வயது. பள்ளிக்கூடத்தை விட்ட நாளிலிருந்து பீங்கான் கம்பெனியில் வெள்ளைக்கல் அரைக்கும் மில்லில் வேலை. காசநோய் என்று இரண்டு முறை மாத்திரை கொடுத்து முடித்தார்கள். மூன்றாவதாகப் பார்த்த டாக்டர்தான் எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, கல்மாவு நுரையீரலில் உறைந்துவிட்டது, இதற்கு மருந்து இல்லை என்றார்.

ஒரு வருடமாக அவர் படுத்துத் தூங்கியதில்லை. படுத்தால் மூச்சு நின்றுவிடும். சுவரோரம் தலையணைகளை அடுக்கிச் சாய்ந்து, உட்கார்ந்தே விடிய வைப்பார்.

ஐப்பசி மழையில் மூச்சு முட்டி ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது, ஒரு ராத்திரி மட்டும் ஆக்ஸிஜன் வைத்தார்கள். அந்த ராத்திரி அவர் சிரித்துப் பேசினார். விடிந்ததும் சிலிண்டரை வேறொரு கட்டிலுக்கு உருட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

போர்ட் பிளேரில் டைல்ஸ் ஒட்டும் வேலையில் இருக்கும் தன் தம்பி சக்கரபாணி அனுப்பிய படம் ஒன்றை அதன் பிறகுதான் மனைவி கனகா பார்த்தாள். கடலுக்குள் இறங்கும் ஆள் ஒருவன். அவன் முதுகில், பள்ளிக்கூடப் பை மாதிரி, சின்னதாக ஒரு சிலிண்டர்.

அதை மாட்டிக்கொண்டு மனிதன் நடக்கலாம். கடைத்தெருவுக்குப் போகலாம். கழற்றிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படுக்கலாம்.

பொங்கலுக்கு அந்தமானைச் சுற்றிப்பார்க்க வருகிறோம் என்று தம்பிக்குப் போன் செய்தாள். தம்பிக்குத் தெரிந்ததெல்லாம் மாமாவுக்குக் கொஞ்சம் இருமல் என்பதுதான்.

இன்று காலையில்கூட, இரைப்பு அடங்கும்வரை கணவரைக் கடற்கரை மரத்தடியில் உட்கார வைத்திருந்துவிட்டுத்தான் அவள் ஜெயராஜைக் கூப்பிட்டாள்.

"இழுப்பு, நெஞ்சுவலி, மூச்சுத் தொந்தரவு ஏதாவது இருக்காண்ணே?" என்று அவர் கேட்டார்.

கொளஞ்சிநாதன் வாயைத் திறக்கும் முன் கனகா சொன்னாள். "அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க. குத்துக்கல்லாட்டம் இருக்குறாரு."

"மணிமுத்தாத்துல கணுக்கால் தண்ணிக்கே வேட்டியத் தூக்கிக்கினு ஓடுவாரு எங்க மாமா. பாத்துக் கூட்டிக்கிட்டுப் போங்க," என்றான் சக்கரபாணி.

எல்லோரும் சிரித்தார்கள். கனகாவும் சிரித்தாள்.

கடலடியில் கொளஞ்சிநாதன் மெல்லச் சாய்ந்தார். மணலில் ஒருக்களித்துப் படுத்தார். கன்னத்துக்கு அடியில் ஒரு கையைக் கொடுத்துக்கொண்டார். கண்களை மூடினார்.

மயக்கம் என்று நினைத்து ஜெயராஜ் உலுக்கினார். அவர் கண்ணைத் திறந்து பார்த்தார். கொஞ்சம் பொறு என்பதுபோலக் கையை அசைத்துவிட்டு மறுபடியும் மூடிக்கொண்டார்.

மேலே போகலாம் என்று ஜெயராஜ் சைகை செய்தார். கொளஞ்சிநாதன் தலையை ஆட்டி மறுத்தார்.

சிலிண்டரில் மீதி எவ்வளவு என்று காட்டும் முள் சிவப்புக் கோட்டை நெருங்கியிருந்தது. ஜெயராஜ் அதை அவர் முகத்துக்கு நேராகப் பிடித்துக் காட்டினார். அவர் பார்த்தார். பார்த்துவிட்டுப் பக்கத்திலிருந்த பாறையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுக்க வேண்டியிருந்தது.

இடுப்பளவு தண்ணீருக்கு வந்து வாயிலிருந்து குழாயை எடுத்ததும் இரைப்பு திரும்பிவிட்டது. கனகா புடவையோடு தண்ணீருக்குள் ஓடிவந்தாள்.

"படுத்தன் கனகா," என்றார், ஒவ்வொரு சொல்லுக்கும் நின்று நின்று. "படுத்துக்கினே... மூச்சு வுட்டன்."

கனகா ஜெயராஜின் கையைப் பிடித்துக்கொண்டாள். "தம்பி, இந்த ஆக்ஸிஜன் எங்க ஊர்ப்பக்கம் கெடைக்குங்களா? கடலூர்ல? பாண்டிச்சேரில? எங்க இருந்தாலும் போய் வாங்கியாந்துடுவன்."

ஜெயராஜ் கொளஞ்சிநாதனின் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோபப்படத்தான் நினைத்திருந்தார். முடியவில்லை.

"இது ஆக்ஸிஜன் இல்லக்கா. சாதாக் காத்து. அதோ, அந்த மோட்டாருதான் புடிச்சு அடைக்குது. கீழ தண்ணி அழுத்துறதால கெட்டியா வருது. மேல வந்துட்டா நாம இழுக்குற இதே காத்துதான்."

கனகா அவர் காட்டிய மரத்தடிக்கு நடந்து போனாள். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. வெளிக்காற்றை உறிஞ்ச அதிலிருந்து கிளம்பிய குழாயின் வாயைக் கிளையில் உயரமாகக் கட்டியிருந்தார்கள். எக்கி நின்று, அதன் அருகில் மூக்கைக் கொண்டுபோய் இழுத்துப் பார்த்தாள்.

கொளஞ்சிநாதன் தண்ணீரை விட்டு வரவில்லை. "இன்னொருக்கா... எறங்கலாங்களா?" என்று கேட்டார்.

ஜெயராஜ் அவர் முதுகிலிருந்த சிலிண்டரைக் கழற்றினார்.

அந்த ஆண்டு சித்திரையில், விருத்தாசலத்தில், சுவரோரம் உட்கார்ந்தபடி அவர் இறந்தார்.